வாரியம் அவித்த முட்டைக்கோஸ்

மன்னார்புரத்தில் இருக்கும் தென்பிராந்தியக் கிடங்கு வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கு இப்போதெல்லாம் யாரும் வழி கேட்பதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, மூக்கு எந்தப் பக்கம் சுருங்குகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும், வாசல் வந்துவிடும்.

முட்டைக்கோஸ் அவியும் வாடை அது. வீட்டு அடுப்பில் கோஸ் வதங்கும்போது வருகிற மணத்துக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி, மூன்று நாள் மறந்துவிட்டு, நாலாம் நாள் அவிழ்த்தால் ஒரு வீச்சம் வருமே, அதற்குள் யாரோ அழுகின முட்டையை உடைத்து ஊற்றியதுபோல் இருக்கும். அது மாடிப்படி ஏறும், கோப்புகளுக்குள் நுழையும், முத்திரை மையில் கலக்கும். வாரியத்திலிருந்து போகிற கடிதங்களை வெளியூர்க்காரர்கள் கையை நீட்டி, தள்ளிப் பிடித்துத்தான் படிப்பதாகக் கேள்வி.

மண்டல மேலாளர் பாக்கியநாதன் குளிர்ப்பிரதேச விடுதி ஒன்றில் மூன்று நாள் நலவாழ்வுப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து எல்லாம் தொடங்கியது. திரும்பிய மறுநாளே அறுபத்து நான்கு ஊழியர்களையும் கூட்ட அரங்கில் உட்காரவைத்து, திரையில் அறுபத்திரண்டு படங்கள் காட்டினார். நான்கு இதழ்ப் பூ சிலுவைபோல் விரிவதால் சிலுவைப்பூக் குடும்பம் என்று பெயர். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகு எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். நார்ச்சத்து உண்டு, வைட்டமின் உண்டு, குடலுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது. அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று ஒரு வரி சொல்லி அனுப்பியிருந்தால் காரியம் அன்றோடு முடிந்திருக்கும். அப்படிச் சட்டென்று முடிகிற காரியத்துக்கு வாரியம் எதற்கு?

அதனால் சுற்றறிக்கை வந்தது. சிலுவைப்பூக் குடும்பக் காய்கறி உட்கொள்ளல் ஊக்குவிப்புத் திட்டம். விடுமுறை நீங்கலாக எண்பத்து நான்கு வேலை நாள். ஊழியர் ஒவ்வொருவரும் தினம் பகல் ஒரு மணிக்கு, அலுவலகக் கேன்டீனில், சாட்சி அலுவலர் முன்னிலையில் இருநூறு கிராம் அவித்த முட்டைக்கோஸ் உண்ணவேண்டும். உண்டால் ஒரு மதிப்பெண். மிச்சம் வைத்தாலும், லீவு போட்டாலும் பூஜ்யம்.

சுற்றறிக்கையை விளக்கக் கூட்டிய கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து யாரோ, மேலாளரும் தங்களோடு சாப்பிடுவாரா என்று கேட்டார்கள். பாக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல கேள்வி. ஒரு திட்டத்தோட பலனை அளக்கிறவன் அந்தத் திட்டத்துக்கு வெளியில நிக்கணும். நானும் சாப்பிட்டேன்னா, நல்லது யாருக்கு நடந்துச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? உங்களுக்காக நான் அந்தத் தியாகத்தைச் செய்யறேன்."

கைதட்டல் கேட்டது. தட்டியவர்களில் இளநிலை உதவியாளர் ரெங்கராஜும் ஒருவன். சுற்றறிக்கையின் ஒன்பதாம் விதியை அதற்குள் அவன் நான்கு தடவை படித்திருந்தான். எண்பத்து நான்குக்கு எண்பத்து நான்கு பெறும் ஊழியரின் இடமாறுதல் மனு, அவருடைய துணைவரின் மனு உட்பட, முன்னுரிமையில் பரிசீலிக்கப்படும் என்றது அந்த விதி.

ரெங்கராஜின் மனைவி வேணியும் வாரியத்து ஊழியர்தான், நாகப்பட்டினம் கிடங்கில். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவனும் அங்கேதான் இருந்தான். ஒருநாள் மதியம் அவன் டப்பா பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. எதிர் மேஜைப் பெண் தன் டப்பாவை நடுவில் தள்ளிவைத்தாள். முள்ளங்கிச் சாம்பார். அதுவரை முள்ளங்கியைக் கண்டால் ஒதுக்குகிறவன் அன்று டப்பாவை வழித்துச் சாப்பிட்டான். அடுத்த தையில் கல்யாணம். பிறகு வாரியம் அவனைப் பதவி உயர்வு என்று சொல்லித் திருச்சிக்கு அனுப்பியது. அவளை அங்கேயே வைத்துக்கொண்டது. ஆறு வருஷமாக அவனும் மகளும் எடமலைப்பட்டி புதூரில், அவள் நாகையில். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவாள், திங்கள் விடியலில் போவாள். வருஷாவருஷம் மனு போட்டார்கள். பரிசீலனையில் உள்ளது என்று வருஷாவருஷம் பதில் வந்தது. இந்த வருஷம் ஏழாம் வகுப்புக்குப் போன மகள், அம்மாவிடம் போனில் சொல்லமுடியாத விஷயங்கள் இருக்கிற வயதுக்கு வந்திருந்தாள். எண்பத்து நான்கு தட்டு கோஸ் பெரிய விலையாக அவனுக்குத் தோன்றவில்லை.

முதல் தட்டைப் பார்க்கும்வரை.

கேன்டீன் சமையல்காரர் கியாசுதீன் பாய் கை மணத்துக்குப் பெயர்போனவர். ஆனால் கோஸை எப்படிச் சமைக்கவேண்டும் என்பதையும் சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. சுகாதாரம் கருதி நூறு சதவீதம் வேகவேண்டும். காலை ஏழு மணிக்கு அடுப்பேற்றியதற்கு ஒரு கையெழுத்து, பத்து மணிக்கு இறக்கியதற்கு ஒரு கையெழுத்து. காந்தி மார்க்கெட்டில் மாடுகளுக்கென்று ஒதுக்கிப்போட்ட வெளி இலைகளைத்தான் ஒப்பந்தக்காரர் அள்ளிக்கொண்டு வந்தார். அவை மூன்று மணி நேரம் கொதித்து, மூன்று மணி நேரம் மூடியில் புழுங்கி, தட்டில் விழும்போது சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருந்தன. கரண்டியிலிருந்து நூல் இழுத்தது. வடித்த தண்ணீரைப் பாய் பின்கட்டுச் சாக்கடையோரம் கொட்டினார். சத்தெல்லாம் அதோடு போனது. அங்கே நின்ற பப்பாளி மரம் அந்த வருஷம் காய்த்ததுபோல் என்றைக்கும் காய்த்ததில்லை.

சாட்சி அலுவலர் பிச்சைமுத்து முன்பு கிடங்கில் தரப்பரிசோதகராக இருந்தவர். நெல் மூட்டைக்குள் குழாய்க் கம்பியைச் செருகி மாதிரி எடுத்து, டார்ச் அடித்துப் புழு பார்ப்பது அவர் வேலை. இப்போது அதே டார்ச்சை ஊழியர் வாயில் அடித்தார். நாக்கைத் தூக்கு என்பார், இடது கன்னம் என்பார், வலது கன்னம் என்பார். திருப்தி வந்தால் பதிவேட்டில் ஒன்று போடுவார்.

ரெங்கராஜ் ஒரு முறை கண்டுபிடித்தான். கதவுக்கு வெளியிலேயே மூச்சை முட்ட இழுத்துக்கொள்வான். உள்ளே வந்து, மூச்சை அடக்கியபடி, மெல்லாமல், மாத்திரைபோல் விழுங்குவான். ஜன்னலுக்கு ஓடி மூச்சு வாங்கி, திரும்பி வந்து விழுங்குவான். ஒரு தட்டுக்கு நான்கு மூச்சு. வாடை மூக்கில் ஏறாவிட்டால் தொண்டை ஏமாந்துவிடும். முதல் வாரத்திலேயே பலர் கழன்றுகொண்டார்கள். அவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பெண்ணாகப் பார்த்துக்கொண்டு போனான்.

இருபதாம் நாள் அவன் ஒரு தப்புச் செய்தான். கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தாளைப் பாய்தான் காட்டினார்.

"தம்பி, கடுகும் அந்தக் குடும்பம்னு உங்க பெரியவரே போட்டிருக்காரே. கொஞ்சம் கடுகு, ரெண்டு வரமிளகாய் தாளிச்சுக் கொட்டிட்டா மனுஷன் வாயில வைக்கலாம்ல? திட்டத்துக்கும் ரெண்டு பங்கு நல்லது."

நியாயமாகத்தான் பட்டது. ரெங்கராஜ் பணிவோடு ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினான். மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு தங்கக் கடைத் தராசு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கடுகை நிறுத்தது. ஒரே கரண்டிக் கோஸில் ஒருவர் தட்டில் பதினொரு கடுகும் இன்னொருவர் தட்டில் நாற்பது கடுகும் விழுவதைக் கண்டு திடுக்கிட்டது. சிலர் கடுகைத் தட்டோரம் ஒதுக்குவதும் பதிவானது. குழு அறிக்கையின்படி, அனுமதிக்கப்பட்ட இருநூறு கிராமுக்கு மேல் செல்லும் ஒவ்வொரு கடுகும் தணிக்கை ஆட்சேபணைக்கு உரியது. ஆகவே கேன்டீனில் தாளிப்பு முற்றாகத் தடைசெய்யப்பட்டது. கோஸுக்கு மட்டுமா? சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு, எல்லாவற்றுக்கும். கியாசுதீன் பாய் தாளிப்புக் கரண்டியைக் கழுவித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அறுபத்திரண்டு பேர் ரெங்கராஜிடம் ஒரு வாரம் பேசவில்லை.

பேசிய ஒருவர் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர் சௌரிராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. அவருக்கு வேறு கஷ்டம். அடுத்த வாரம் அப்பா திதி. அன்றைக்கு அவர்கள் அகத்தில் கோஸ், முள்ளங்கி எதுவும் தொடக்கூடாது. ஒருநாள் விலக்குக் கேட்டு எழுதினார். கோஸ் உண்பதற்குச் சம்பந்தப்பட்டவரின் ஆட்சேபணையை எழுத்துமூலம் பெற்று இணைக்கவும் என்று கோப்பு திரும்பி வந்தது. சம்பந்தப்பட்டவர் காலமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது என்று எழுதினார். அப்படியானால் வாரிசின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். வாரிசு நான்தான் என்று எழுதினார். ஊழியர் தன் கோப்பில் தானே சான்றளிக்க இயலாது என்றார்கள்.

"அப்பா இருந்த நாள்ல எங்கிட்ட இத்தனை கேள்வி கேட்டதில்லை, ரெங்கராஜ்" என்று சொல்லி, லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்த் திதியைச் செய்தார். பூஜ்யம் விழுந்தது. அதன்பின் அவர் கேன்டீன் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

நாகைக் கிடங்கில் கேன்டீன் கிடையாது. ஆகவே திருச்சியில் அவித்த கோஸை டிரம்மில் அடைத்து, வாரம் மூன்று நாள் வேனில் அனுப்பினார்கள். தஞ்சாவூர் தாண்டும்போதே டிரம் உப்பிக்கொள்ளும். கிடங்கு வாசலில் மேய்கிற ஆடுகளுக்குக் கொட்டிப் பார்த்தார்கள். ஆடுகள் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மற்ற நான்கு பேரும் வேன் வந்த நாளுக்கு மட்டும் பதிவேட்டில் ஒன்று போட்டுக்கொண்டார்கள். வேணி மட்டும் தன் கட்டத்தில், சாப்பிடவில்லை, நாறுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரெங்கராஜுக்குப் போனிலேயே வேர்த்தது. அப்படியெல்லாம் எழுதலாமா, மனு என்னாகும் என்று பதறினான்.

"நாறுனா நாறுதுன்னுதாங்க எழுதமுடியும்" என்றாள் அவள். "ஒருத்தர் மார்க் போதும்னு விதியில இருக்குல்ல? நீங்கதான் வாங்குறீங்களே. ஆனா ஒண்ணு சொல்றேன், காய் நல்ல காய். அதைப் போயி இவங்க கையில குடுத்ததுதான் பாவம்."

அறுபத்திரண்டாம் நாளுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. வேணி மார்க்கெட்டிலிருந்து பிஞ்சு முள்ளங்கியாகப் பொறுக்கி வந்து சாம்பார் வைத்தாள். கடுகு வெடித்துக் கறிவேப்பிலை பொரிகிற சத்தத்துக்கு மகள் அடுப்பங்கரைக்கே வந்துவிட்டாள். ரெங்கராஜ் இலை முன்னால் உட்கார்ந்தான். சோற்றில் சாம்பார் விழுந்து ஆவி எழுந்தது. முள்ளங்கி மணம் மூக்கில் பட்டதும் அவன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்பக்கம் ஓடினான்.

முகம் கழுவித் திரும்பியபோது வேணி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"என்னை இங்க கூட்டிட்டு வரத்தானே இதைத் திங்கிறீங்க" என்றாள் மெதுவாக. "நான் வந்து என்னத்தைங்க சமைச்சுப் போடுறது உங்களுக்கு?"

இன்னும் இருபத்திரண்டு நாள்தான் என்றான் அவன்.

எண்பத்து நான்காம் நாள் மண்டலத்திலேயே முழு மதிப்பெண் பெற்ற ஒரே ஊழியர் ரெங்கராஜ் என்று அறிவித்தார்கள். நிறைவு விழா ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில். சென்னையிலிருந்து வாரியத்து இயக்குநர் வந்திருந்தார். வரவேற்புக்கு ஆளுக்கொரு காலிஃபிளவரைப் பூச்செண்டாகக் கட்டிக் கையில் கொடுத்தார்கள். குளிரூட்டிய மண்டபம் என்பதால் கதவு ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. அதிகாரிகளுக்கான பந்தி மாடியில். சாப்பாட்டுப் பட்டியலில் பால் பாயசம், மெதுவடை, உருளைக்கிழங்கு என்று பதினான்கு வகை இருந்தது. சிலுவைப்பூக் குடும்பத்திலிருந்து யாரையும் அழைக்கவில்லை. வேணிக்கும் ஓர் ஓலை போயிருந்தது, நேரில் ஆஜராகவேண்டும் என்று. மகளோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேடைப் படியோரம் காத்திருந்த ரெங்கராஜைச் சௌரிராஜன் தூண் மறைவுக்கு இழுத்தார். மேடையில் தரவிருந்த இரண்டு உத்தரவுகளையும் தட்டச்சு செய்தது அவர்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன் ஆத்துக்காரிக்குத் திருச்சி கிடைச்சுடுத்து. மனுவாலே இல்லை. பூஜ்யம் வாங்கினதாலே. திருத்த முடியாதவாளையெல்லாம் மண்டல அலுவலகத்துலேயே வெச்சுத் தீவிரமா மேற்பார்வை பண்ணணுமாம்."

ரெங்கராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடப் போனான். சௌரிராஜன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் முடியலைடா. நாகைக் கிளை மார்க்கு ரொம்பக் கீழே இருக்காம். அதைத் தூக்கி நிறுத்த முன்மாதிரி உண்பவர்னு ஒரு பதவி போட்டிருக்கா. அவ காலி பண்ற நாற்காலிக்கு உன்னை அனுப்பறா. அஞ்சு வருஷம். உத்தரவை மேடையிலே வெச்சுக் கையிலே தரப்போறார். கையிலே வாங்கிட்டா மாத்த முடியாது."

மேடையில் பாக்கியநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார்.

"பலன் என்ன, பலன் என்னன்னு கேக்கறாங்க. ஐயா, எண்பத்து நாலு நாள் இலக்கு, எண்பத்து நாலு நாளும் அடுப்பு எரிஞ்சுது. அதுதான் பலன். மருத்துவ விடுப்பு மூணு மடங்கு ஆயிடுச்சுன்னு குறை சொல்றாங்க. நான் என்ன சொல்றேன்னா, நம்ம ஊழியர்களுக்குத் தன் உடம்பு மேல அக்கறை மூணு மடங்கு கூடியிருக்கு. முன்னெல்லாம் வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

இயக்குநர் தலையசைத்தார். ரெங்கராஜின் பெயரைக் கூப்பிட்டார்கள். சால்வை விழுந்தது. உத்தரவுக்கு முன்னால், இயக்குநர் கண்குளிரப் பார்ப்பதற்காக, எண்பத்தைந்தாவது தட்டு ஒன்றை அவன் அங்கேயே உண்டு காட்டவேண்டும் என்றார் பாக்கியநாதன். காலை ஏழு மணிக்கு மன்னார்புரத்தில் அவித்தது, மூடிய பாத்திரத்தில் காவிரிப் பாலம் தாண்டி வந்திருந்தது. பிச்சைமுத்து டார்ச்சோடு பக்கத்தில் நின்றார். ஒலிபெருக்கியை ரெங்கராஜின் வாயருகே நகர்த்திவைத்தார்கள்.

பழக்கதோஷத்தில் அவன் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டான். ஒரு வாய் அள்ளினான். கீழே மூன்றாம் வரிசையில் வேணி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாளே, அதே பார்வை.

மூன்று மாதமாக அடக்கிய மூச்சை ரெங்கராஜ் விட்டான். பிறகு, தட்டின் மேல் குனிந்து, பூ முகர்வதுபோல் நிதானமாக, நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுத்தான்.

நடந்ததை விவரமாகச் சொல்வது படிக்கிறவர்களுக்கு நல்லதல்ல. முதலில் இயக்குநரின் சால்வை, அப்புறம் அவர் மடியிலிருந்த காலிஃபிளவர், அப்புறம் பாக்கியநாதனின் வெள்ளைச் சட்டை, கடைசியாக இரண்டு உத்தரவுகளில் மேலே இருந்தது. ஒலிபெருக்கி வழியாக அந்தச் சத்தம் மண்டபத்தைத் தாண்டி அம்மாமண்டபம் ரோடு முழுக்கக் கேட்டது. அடைத்த மண்டபம். முன்வரிசையில் ஒருவர் தொடங்க, அடுத்தவர் தொடர, மாடிப் பந்திக்கு அன்று யாரும் ஏறவில்லை. பிச்சைமுத்து மட்டும் கடமை தவறாமல் ரெங்கராஜின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காலி என்றார்.

நான்காம் நாள் குறிப்பாணை வந்தது. உட்கொண்டது வெளியேறியதால் உட்கொண்டதாகக் கருத இயலாது. ஆகவே திரு. ரெங்கராஜின் எண்பத்து நான்கு மதிப்பெண்களும் ரத்து. முன்மாதிரி உண்பவர் பணியிடமும் ரத்து. அவரும், ஏற்கெனவே பூஜ்யம் பெற்ற அவருடைய மனைவியும் மண்டல அலுவலகத்திலேயே தீவிர மேற்பார்வையில் வைக்கப்படுவர். தினம் பகல் ஒரு மணிக்குக் கேன்டீனில் ஒரே மேஜையில், எதிரெதிரே, சாட்சி அலுவலர் முன்னிலையில் அமரவேண்டும். இனி பெறும் ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் மேற்பார்வை ஒரு வாரம் நீட்டிக்கப்படும். இந்தக் காலத்தில் இருவரையும் வேறு எங்கும் இடமாற்றம் செய்யலாகாது.

கீழே பாக்கியநாதன் கையெழுத்து. அதற்கும் கீழே, தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில் சௌரிராஜனின் சுருக்கொப்பம். கடைசி வாக்கியம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்கு இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆறு வருஷத்தில் வேலை நாள் ஒன்றில் சேர்ந்து சாப்பிட உட்கார்வது அதுதான் முதல் தடவை. கியாசுதீன் பாய் இரண்டு தட்டு கோஸைக் கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு, யாரும் கேட்காமலே, தூரத்து மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனார். பிச்சைமுத்து பதிவேட்டில் இரண்டு பூஜ்யம் போட்டார். இரண்டு வாரம். வேணி விரல்விட்டு எண்ணினாள். இந்தக் கணக்கில் போனால் அடுத்த வருஷத் தீபாவளிக்குள், மகள் காலேஜ் முடிக்கிறவரைக்குமான மேற்பார்வை சேர்ந்துவிடும்.

பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து நடுவில் தள்ளிவைத்தாள். முள்ளங்கிச் சாம்பார். மேலே கடுகு மிதந்தது. பிச்சைமுத்து மூக்கை உயர்த்தினார், நாற்காலியை ஒரு சாண் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார், எதையும் பார்க்கவில்லை.

ரெங்கராஜ் ஒரு வாய் அள்ளினான். கை வாயருகே போனதும் அவன் நெஞ்சு தானாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வேணி கவனித்துவிட்டாள். மேஜைக்கு மேல் எட்டி அவன் மணிக்கட்டைத் தொட்டாள்.

"அவசரமில்லைங்க" என்றாள். "மூச்சு விட்டுச் சாப்பிடுங்க."